நேசமலர் வெட்டச் சொன்ன வரி

நேசமலருக்குக் கர்ப்பப்பை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி என் தையல் கடைக்கு வந்து சேர்ந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்கு முந்தின நாள்தான் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். புருஷனின் சட்டையை அடித்துத் துவைத்து, பிழிந்து, உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கர்ப்பப்பை எடுத்தவள் செய்கிற வேலையா அது?

"யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"கேம்ப்பே சொல்லுது அனிட்டாக்கா," என்றாள் ஜாக்கெட் வாங்க வந்த பெண். "பாவம், குடம்கூடத் தூக்கக் கூடாதாம்."

"நேத்து நான் பாத்தனே. கல்லு மாதிரி இருக்கா. அவ வூட்டுக்காரருக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. நான்தான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சின்னசேலத்தில் ஸ்டேஷன் போகிற வழியில் என் கடை. ரொம்ப வருஷமாக எனக்குக் கொக்கி வைப்பதும் ஓரம் அடிப்பதும் நேசமலர்தான். மன்னார்ப் பக்கம் பிறந்தவள். பாவாடை கட்டுகிற வயதில் படகேறி வந்தாள். ஊரைத் தாண்டி மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிற அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே செபமாலை என்பவரைக் கட்டி, அங்கேயே ஒரு பெண்ணைப் பெற்றாள். அந்தப் பெண் டிலானி பேசினால் எங்கள் ஊர்ப் பெண்கள் பேசுகிற மாதிரியே இருக்கும். ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு அவள் சிலோன்காரப் பெண்தான். முப்பது வருஷம் பக்கத்தில் இருந்தாலும் நாம் ஒருத்தரை வந்தவர் என்றே கூப்பிடுவோம். அதில் நமக்கு ஒரு திருப்தி.

செபமாலை பெயின்டர். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு வர்ணம் அடித்தவர். தரையில் ஒரு சொட்டுச் சிந்த மாட்டார். வேலை முடிந்ததும் ஏணியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டுப் போகிற மனுஷன். அவர் போன வருஷம் மழைக்காலத்தில் வேலைக்குப் போவதை நிறுத்தினார். கேட்டால், தன்னைப் பற்றி யாரோ எழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். முகாமில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தச் சுவரின் விரிசல்களில் எல்லாம் செய்தித்தாளை மடித்துச் செருகினார். டிவி ஓடினால் சாப்பிட மாட்டார். பிறகு டிவி ஓடாவிட்டாலும் சாப்பிடவில்லை.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானோ நீங்களோ "என்னைப் பற்றி எழுதுகிறார்கள்" என்று சொன்னால் அது கற்பனை. முகாமில் அப்படிச் சொன்னால் பாதி நிஜம். மாதாமாதம் அதிகாரி வந்து ஆள் கணக்கு எடுப்பார். அதற்கு அங்கே செக்கிங் என்று பெயர். எல்லாரும் வந்து நின்று, பேர் கூப்பிட்டதும் கையைத் தூக்கிவிட்டுப் போக வேண்டும். அது போதாதென்று கியூ பிராஞ்ச் போலீஸ்காரர் வேறு வந்து, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று விசாரித்துவிட்டுப் போவார். குழந்தையிலிருந்து இப்படி எண்ணப்பட்டே வளர்ந்த ஒருவருக்கு நோய் வந்தால் அது வேறு எந்த உருவத்தில் வரும்?

அவர்கள் ஊரில் பைத்தியத்துக்கு விசர் என்று பேர். அந்தச் சொல்லை முகாமில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அடுத்த வீட்டுக் குஞ்சம்மாளுக்குச் சுவர் வழியாக எல்லாம் கேட்கும். கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள். ஒருநாள் நேசமலரைக் குழாயடியில் தனியாக இழுத்துச் சொன்னாளாம்:

"பிள்ளை, இது வெளியில போனால் போச்சு. நாளைக்கு உன்ர பெட்டையை ஆர் கேப்பான்? விசர்க் குடும்பம் எண்டு மற்ற முகாமெல்லாம் கதை போயிடும்."

பெட்டை என்று அவள் சொன்னது பெண்பிள்ளை டிலானியை. குஞ்சம்மாள் கெட்டவள் இல்லை. செபமாலை சாப்பிடாத நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். நல்லவர்கள் செய்கிற தப்பைத் திருத்துவதுதான் கஷ்டம். கெட்டவன் என்றால் ஒரு சண்டை போட்டு முடித்துவிடலாம்.

முகாமில் தலைவர் என்று ஒருவர் உண்டு. பேர் கந்தசாமி. அதிகாரியிடம் முகாமுக்காகப் பேசுவது அவர் வேலை. அவர் யோசனைப்படி முதலில் செபமாலையைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப் போனார்கள். மேலே ஒரு கிராமத்தில் மந்திரித்துக் கயிறு கட்டுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறாராம். காலை பஸ் பிடித்து, வளைவில் எல்லாம் செபமாலை வாந்தி எடுத்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். பெரியவர் கயிறு கட்டினார். கட்டிவிட்டு நேசமலரிடம் எல்லாவற்றையும் விசாரித்தார். எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, என்ன சத்தம் கேட்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "கயிறு கட்டிட்டேம்மா. இனிமே கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. எம் மவனுக்கு அங்கதான் மாத்திர வாங்கினு வரேன். இப்ப கொல்லை வேலைக்குப் போறான், வரான்," என்றாராம்.

கந்தசாமிக்கு இறங்குகிற வழியெல்லாம் முகம் தொங்கிப்போனது. இதைச் சொல்லத்தானா இவ்வளவு தூரம் மலையேறினோம் என்று புலம்பிக்கொண்டே வந்தாராம். நேசமலர் என்னிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

டாக்டரம்மா செபமாலையை வார்டில் சேர்க்கச் சொன்னார். சில வாரம் ஆகும் என்றார். துணைக்கு நேசமலர் இருக்க வேண்டும். டிலானி திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள், வீட்டில் வேறு ஆள் கிடையாது. கிளம்பும்போது நேசமலர் கந்தசாமியிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்: செக்கிங்கில் பேர் கூப்பிட்டால், அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நான் துணைக்கு இருக்கிறேன் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். நோயாளி என்று சொன்னால் அதிகாரி குறித்துக்கொண்டு போய்விடுவார். அதில் ஒரு சிக்கலும் கிடையாது.

ஆனால் கந்தசாமிக்கும் குஞ்சம்மாளுக்கும் அதில்தான் சிக்கல். ஆஸ்பத்திரி என்றால் என்ன நோய் என்று கேட்பார்கள். கேட்டால் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். இருவரும் கூடிப் பேசி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நோயைத் தூக்கி நேசமலருக்குக் கொடுத்துவிட்டார்கள். கர்ப்பப்பை என்றால் எந்த ஆணும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டான். கௌரவமான வியாதி.

"அப்ப செபமாலை எங்க?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"பெங்களூருக்குப் பெயின்ட் வேலைக்குப் போயிட்டார் ஐயா. வந்திடுவார்," என்றார் கந்தசாமி.

பொண்டாட்டிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், புருஷன் பெங்களூரில் வர்ணம் அடிக்கிறான்! அந்த நல்ல மனுஷனுக்கு இவர்கள் வாங்கிக் கொடுத்த பேரைப் பாருங்கள். அடுத்த செக்கிங்கிலும் அதே பதில்தான். முகாமில் இருப்பவர் அனுமதி வாங்காமல் வெளி மாநிலம் போகக் கூடாது. போய்த் திரும்பாவிட்டால் கப்பலேறி வேறு தேசம் போய்விட்டான் என்றுதான் அர்த்தம். கியூ பிராஞ்ச்காரர் வந்து விசாரித்தார். அவருக்கும் பெங்களூர் என்றே சொன்னார்கள். செபமாலையின் பதிவை வெட்டிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் திரும்பிய அன்று முகாமே நேசமலரைத் தாங்கியது. ஒருத்தி ஹார்லிக்ஸ் கொண்டுவந்தாள். ஒருத்தி குடத்தைக் கையிலிருந்து பிடுங்கினாள். "குனியாதை பிள்ளை, தையல் விட்டிடும்," என்றாள் இன்னொருத்தி. நானும் அந்த வதந்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாததால் நேசமலருக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் கந்தசாமி வந்து, கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, நடந்ததைச் சொன்னார். செபமாலை காதில் ஏறியது பதிவை வெட்டியது மட்டும்தான்.

பதிவு வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கும் அப்போது தெரியாது. அந்த ஆள் முகாமில் இருக்கக் கூடாது. வெளியிலும் இருக்க முடியாது, ஏனென்றால் கையில் வேறு எந்த நாட்டுக் காகிதமும் கிடையாது. அவர் எங்குமே இல்லாதவர்.

மறுநாள் தைக்கிற துணியைக் கொடுக்கிற சாக்கில் நான் போனேன். செபமாலை உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் நான் கடைசியாகப் பார்த்தபோது என்னிடம் கடை வாடகை பற்றியெல்லாம் விசாரித்தவர். இப்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெட்டிப்போட்டாங்கள்தானே," என்றார் சுவரிடம். "நான் அப்பவே சொன்னனான். ஆர் நம்பினீங்கள்?"

டாக்டரம்மா அத்தனை வாரம் பொறுமையாகப் பேசிப் பேசி, யாரும் உங்களுக்கு எதிராக எழுதவில்லை என்று கொஞ்சம் நம்ப வைத்திருந்தார். கரிசனம் என்ற பேரில் இவர்கள் அதை ஒரே வீச்சில் நிஜமாக்கிவிட்டார்கள். காலை மாத்திரை தட்டில் அப்படியே இருந்தது.

வாசலில் கந்தசாமியும் குஞ்சம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். கந்தசாமி ஒரு வழி வைத்திருந்தார். அனுமதி இல்லாமல் பெங்களூருக்கு வேலைக்குப் போனது தப்பு, இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று செபமாலை ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"இதுக்கு முன்னமும் ரெண்டு மூண்டு பேருக்கு அப்பிடித்தான் முடிஞ்சது," என்றார்.

நேசமலர் என் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அண்ணை, அவர் பெங்களூருக்குப் போனவரோ?"

"இல்லைத்தான். ஆனால்..."

"ஓடிப்போனவன் எண்டு எழுதிக் குடுக்கலாம். வருத்தக்காரன் எண்டு சொல்லக்கூடாது. அப்பிடித்தானே?"

அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். குஞ்சம்மாள்தான் சொன்னாள்: "பெட்டையை நினைச்சுப் பார் பிள்ளை."

"பெட்டையைக் கேட்டிட்டன்," என்றாள் நேசமலர்.

கேட்டது உண்மைதான். முந்தின நாளே போன் பண்ணியிருக்கிறாள். டிலானி முதலில், "அம்மா, லெட்டரே குடுத்துட்டு வுடும்மா. எதுக்கு எல்லாருக்கும் தெரியணும்?" என்றாளாம். அதற்கு இவள், "எனக்கு அதில வெக்கம் இல்லை. உனக்கு இருந்தால் சொல்லு, நான் உன்ர பேரை எடுக்காமல் கதைக்கிறன்," என்றிருக்கிறாள். பிறகு டிலானி, "எம் பேரையும் சேத்தே சொல்லு. எங்கப்பாவ ஓடிப்போனவர்னு நான் எங்கயும் சொல்ல மாட்டேன்," என்றாளாம். இதை என்னிடம் சொல்லும்போதுதான் நேசமலர் அழுதாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் அழுது நான் பார்க்கவில்லை.

"ஊர் வாயை என்ன செய்வாய்?" என்றார் கந்தசாமி.

"அது இவ்வளவு நாளும் மூடியிருந்ததோ அண்ணை? ஒரு மாசமாய் என்ர கர்ப்பப்பையைத்தானே மென்றுகொண்டு இருந்தது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குஞ்சம்மாள் முறைத்தாள்.

செக்கிங் நாளன்று கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. அவள் தனியாக நிற்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். முகாமின் நடுவில் இருக்கிற திடலில் பிளாஸ்டிக் நாற்காலியும் மேசையும் போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்து ஆள்தான், திருநாவலூர்க்காரர் என்று பேச்சில் தெரிந்தது. வேலைக்குப் போகிற அவசரத்தில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நேசமலரின் பேர் வந்தது. கையைத் தூக்கினாள். ஆனால் நகரவில்லை.

"ஐயா, என்ர மனுசன்ர பேரை வெட்டிப்போட்டியள்."

"பெங்களூரு கேஸா? அது ஆபீஸ்ல வந்து பேசும்மா."

"அவர் பெங்களூருக்குப் போகேல்லை." குரலை அவள் உயர்த்தினாள். வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்றுதான் உயர்த்தினாள், எனக்கு நன்றாகத் தெரியும். "கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில மனநல வார்டில இருந்தவர். மனசில வருத்தம். மருந்து எடுக்கிறார். நான்தான் பக்கத்தில இருந்தனான். இந்தாங்கோ ஆஸ்பத்திரித் துண்டு."

கந்தசாமி தரையைப் பார்த்தார். குஞ்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அதிகாரி ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் படித்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, "இதுவா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு? ஆஸ்பத்திரின்னு எழுதிக்கினு போயிருப்பனே! நீங்களா பெங்களூரு பெங்களூருன்னா நான் இன்னா செய்றது?" என்றார். கந்தசாமியை ஒரு பார்வை பார்த்தார். "சரி. மறுபடி சேக்கணும்னா மேல எழுதணும். அதுக்கு ஆளு எதுருல நிக்கணும். இட்டுக்கினு வா."

அங்கேதான் எனக்கு உயிர் போனது. எழுதுகிறார்கள் என்று பயந்து சுவரில் காகிதம் அடைத்த மனுஷனை, எழுதுகிறவர் மேசைக்கு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அவர் வரவில்லையென்றால் இவள் கத்தியது எல்லாம் வீண்.

திடலை ஒட்டிய தன் வீட்டுக்குள் நேசமலர் போனாள். கதவு திறந்தே இருந்தது. இன்றைக்கு இங்கே என்ன நடக்கும் என்று காலையிலேயே அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வரிசையில் இருந்த அத்தனை தலையும் அந்தக் கதவுப் பக்கம் திரும்பின. கொக்கரித்துக்கொண்டு ஒரு கோழி குறுக்கே ஓடியது. அதிகாரி வாட்சைப் பார்த்தார்.

செபமாலை வந்தார். வேலைக்குப் போகிற, பெயின்ட் பட்ட சட்டையைப் போட்டிருந்தார். நேசமலர் கையைப் பிடிக்க வந்ததை விலக்கிவிட்டுத் தானாக நடந்தார். வரிசையைத் தாண்டும்போது யாரையும் பார்க்கவில்லை. மேசைக்கு முன்னால் நின்றார்.

"பேரு?"

"செபமாலை."

"எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில. மனநல வார்டில. அவ சொன்னதுதான். நான் ஒரு இடமும் ஓடேல்லை," என்றார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். செபமாலை கையை நீட்டி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, என்னைப் பற்றி என்ன எழுதுறீங்கள் எண்டு ஒருக்காக் காட்டுங்கோ."

அந்த மேசைக்கு முன்னால் முப்பது வருஷமாக யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அதிகாரி, நல்ல மனுஷன், பதிவேட்டை அப்படியே அவர் பக்கம் திருப்பி வைத்தார். செபமாலை குனிந்து விரலை வைத்து வாசித்தார். பேர், வயது, வேலை. அதன்மேல் சிவப்பில் ஒரு கோடு.

"இவ்வளவுதானோ?" என்றார்.

"இவ்ளோதான். வேற இன்னா?"

விரல் ஒரு வரி கீழே இறங்கியது. நேசமலரின் பேர். அதற்கு நேரே எழுதியிருந்ததை அவர் ஒருமுறைக்கு இரண்டு முறை வாசித்தார். வாசித்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நேசம்... உனக்கெப்ப கர்ப்பப்பை எடுத்தவை?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்து இன்னொருவர். குஞ்சம்மாளின் முந்தானைக்குப் பின்னாலிருந்துகூட ஒரு சத்தம் வந்தது, அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"அதையும் வெட்டுங்கோ ஐயா," என்றாள் நேசமலர். "என்ர கர்ப்பப்பை என்னட்டத்தான் இருக்கு."

அதிகாரி சிரித்துக்கொண்டே அதை வெட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, எங்கள் ஊர் இரக்கத்தோடு, "இவருக்கு மருத்துவமனைன்னு மட்டும் போட்டுக்கறேன். போதும்ல? பொண்ணு வேற இருக்குது," என்றார்.

பாருங்கள், அவருக்கும் அதே புத்திதான். நேசமலர் வாயைத் திறப்பதற்கு முன் செபமாலை தலையை ஆட்டினார்.

"இல்லை. மனநலப் பிரிவு எண்டே போடுங்கோ. முழுசாய்ப் போடுங்கோ."

அதிகாரி எழுதத் தொடங்கினார். அவர் எழுதி முடிக்கும்வரை செபமாலை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.